மகரந்தச் சேர்க்கையைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது நாம் செய்யும் தவறுகள்

"தேனீ எதற்குப் பூவுக்கு வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். "மகரந்தச் சேர்க்கை செய்ய!" என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்வார்கள். நாமும் சரி என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். ஆனால் அப்படி ஒன்று நடப்பதே தேனீக்குத் தெரியாது. அது வருவது சாப்பாட்டுக்கு. பூவின் இனிப்பு நீர் அது பறப்பதற்கான தெம்பு; மகரந்தம் என்ற பூந்தூள் கூட்டிலிருக்கும் புழுக்களுக்குப் புரத உணவு. உடம்பின் மயிரில் ஒட்டிய தூள் அடுத்த பூவில் உதிர்வது தற்செயல்.

"தேனீ பூவுக்கு உதவி செய்கிறது" என்ற கதை குழந்தைக்குப் பிடிக்கும், உண்மைதான். ஆனால் பாடத்தின் உயிரான கேள்வி அதில் காணாமல் போகிறது: இருந்த இடத்தைவிட்டு நகர முடியாத செடி, தன் மகரந்தத்தை இன்னொரு செடிக்கு எப்படி அனுப்பும்? இங்கிருந்து தொடங்குங்கள். நிறமும் மணமும் இனிப்பும் எதற்கு என்று பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். தேனீயின் பின்னால் ஓடாமல், மகரந்தத்தின் பின்னாலேயே கடைசிவரை போக வேண்டும் என்பதே என் கருத்து.

அடுத்த குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. "சேர்க்கை" என்றதும் இரண்டு பொருள்கள் கலந்துவிட்டன, வேலை முடிந்தது என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. "வண்டி ஊர் போய்ச் சேர்ந்தது" என்கிறோமே, அந்தச் சேர்தல்தான் இது. மகரந்தம், பூவின் பெண் பகுதியின் நுனியான சூலகமுடியைப் போய்ச் சேர்கிறது, அவ்வளவே. அதற்குப் பிறகுதான் ஒவ்வொரு துகளும் ஒரு மெல்லிய குழலை வளர்த்து, சூலகத்தண்டின் வழியே அடியிலிருக்கும் சூற்பைக்குள் இறங்குகிறது. கருவுறுதல் அங்கே நடக்கிறது. பிறகு சூற்பைக்குள் இருக்கும் சூல் விதையாகிறது, சூற்பை கனியாகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் எல்லாம் வேண்டாம். தூள் வந்து இறங்குவது ஒன்று, உள்ளே போய் விதை உண்டாவது வேறொன்று என்று பிரித்துக் காட்டினால் போதும். விதை பரவுவது மூன்றாவது. அதிலும் காற்றும் பறவையும் வருவதால், மகரந்தத்தையே விதை என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. இரண்டு பாடங்களையும் ஒரே நாளில் நடத்தாதீர்கள்.

"பூவில் தேன் இருக்கிறது" என்பதும் அப்படித்தான். பூவில் இருப்பது நீர்த்த இனிப்பு. கூட்டில் தேனீக்கள் அதன் நீரை வற்றவைத்துப் பக்குவப்படுத்திய பிறகே அது தேன்.

எந்தப் பூவைக் காட்டுவது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பெரிதாக இருக்கிறதே என்று எல்லாரும் செம்பருத்தியை எடுக்கிறோம். பாகங்களைப் பார்க்க அது நல்ல பூ, ஒற்றை அடுக்காக இருந்தால். அடுக்குச் செம்பருத்தியில், மகரந்தம் உண்டாகும் மகரந்தத்தாள்கள் பலவும் இதழ்களாக மாறியிருக்கும். தோட்டச் செம்பருத்தி காய்ப்பதும் அரிது. அதனால் கதையின் முடிவைக் குழந்தை பார்க்கவே முடியாது. சூரியகாந்தியை முதல் பாடத்தில் கொண்டுவரவே வேண்டாம். நாம் ஒரு பூ என்று நினைப்பது நூற்றுக்கணக்கான சிறு பூக்களின் கூட்டம்.

பூசணிக்கொடி கிடைத்தால் வேறெதுவும் தேவையில்லை. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பெண் பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு தெரியும். "மகரந்தம் வருவதற்கு முன்பே காய் வந்துவிட்டதே!" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்காகவே காத்திருங்கள். அதுதான் சூற்பை, மகரந்தம் வராவிட்டால் வெம்பி உதிர்ந்துவிடும் என்று சொல்வதைவிடச் செய்து காட்டலாம். மறுநாள் விரியப்போகும் ஆண், பெண் மொட்டுகளை முந்தின மாலையே மெல்லிய துணிப்பையால் மூடிக் கட்டுங்கள். விடிந்ததும், ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு, அதன் மகரந்தத்தைச் சில பெண் பூக்களின் சூலகமுடியில் தடவி, பையை மறுபடி கட்டுங்கள். மற்றப் பெண் பூக்களைத் தொடவே வேண்டாம். சில நாட்களில் வித்தியாசம் தெரியும்.

இதில் இரண்டு இடங்களில் சறுக்குவோம். வெயில் ஏறிய பிறகு போனால் பூ வாடிச் சுருங்கியிருக்கும். பூசணிப் பூவின் ஆயுள் ஒரு காலைப்பொழுதுதான். ஒரே ஒரு பூவை மட்டும் நம்பவும் கூடாது. ஏற்கெனவே காய் தாங்கும் கொடி, மகரந்தம் கிடைத்த பிஞ்சையும் உதிர்த்துவிடலாம். தடவியது, தடவாதது என்று ஒவ்வொரு வகைக்கும் நான்கைந்து பெண் பூக்களாவது வையுங்கள்.

கையால் மகரந்தம் தடவுவது குழந்தையால் முடியுமா என்று தயங்க வேண்டாம். 1841-இல் ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன், வனிலாப் பூவின் ஆண் பகுதியையும் பெண் பகுதியையும் பிரிக்கும் சவ்வை ஒரு குச்சியால் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்திச் சேர்த்தான். வனிலாத் தோட்டங்களில் இன்றும் அவன் வழிதான்.

சுண்ணப்பொடியைப் பஞ்சில் ஒட்டிக் காகிதப் பூவுக்குப் பூ கொண்டுபோகும் விளையாட்டு நன்றாக இருக்கும். ஆனால் ஒரே நிறப் பொடி வைத்தால், எந்தத் தூளும் எந்தப் பூவிலும் பலிக்கும் என்று பதிந்துவிடும். இரண்டு வகைப் பூக்கள், இரண்டு நிறப் பொடிகள் வையுங்கள். தன் இனத்துப் பொடி சேர்ந்த பூவுக்கு மட்டும் மதிப்பெண்.

பூச்சி இல்லாமலும் வேலை நடக்கும் என்பதைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறோம். புல், நெல், மக்காச்சோளம் எல்லாவற்றுக்கும் கவர்ச்சியான இதழ் கிடையாது. மகரந்தம் காற்றில் உதிர்கிறது. பயிரிடும் வாழையோ மகரந்தமே இல்லாமல் காய்க்கிறது. ஆகவே "மகரந்தம் இல்லையேல் கனி இல்லை" என்று ஒரேயடியாக எழுதவைக்காதீர்கள்.

புரிந்ததா என்று பார்க்கப் படத்தில் பாகங்களைக் குறிக்கச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. அங்கங்கே மணி பிடிக்காத ஒரு மக்காச்சோளக் கதிரைக் கையில் கொடுங்கள். நுனியில் தொங்கும் இழை ஒவ்வொன்றும் உள்ளே ஒரு சூலிலிருந்து வருவது என்று மட்டும் சொல்லிவிட்டு, "இந்த ஓட்டை எப்படி வந்தது?" என்று கேளுங்கள். இழையைப் பிடித்துக்கொண்டே "இதுக்குத் தூள் வந்து சேரலை" என்று ஒரு பிள்ளை சொன்னால், அதற்குப் பிறகு நான் எந்தப் படத்தையும் வரையச் சொல்வதில்லை.