கிரேக்கக் கதைய திருப்பி எழுதணுமா, முதல்ல பழைய கதைல எங்க வாய் மூடியிருக்குன்னு பாருங்க

கிரேக்க, ரோமப் புராணத்த வச்சு கதை எழுத உக்கார்ற பலரும் முதல் பக்கத்துலயே தடுமாறுவாங்க, ஒரிஜினல மாத்தலாமா, மாத்துனா தப்பாயிடுமான்னு. அந்தக் கவலையே வேண்டாம், ஏன்னா ஒரிஜினல்னு கைல புடிச்சுக் காட்ட ஒண்ணு இல்ல. மெடூசாவ எடுத்துக்கோங்க. பழைய கிரேக்கக் கவிஞர் ஹெசியட் சொல்றபடி அவ கார்கன்ங்கற அரக்கி அக்கா தங்கச்சிங்க மூணு பேர்ல ஒருத்தி, மத்த ரெண்டு பேருக்கும் சாவு கிடையாது, இவளுக்கு மட்டும் உண்டு, சாபம் பத்தி பேச்சே இல்ல. பல நூறு வருஷம் கழிச்சு ரோம்ல ஓவிட்ங்கற கவிஞர் எழுதும்போது அவ எல்லாரும் ஆசைப்பட்ட அழகி, கடல் சாமி நெப்டியூன் அவள மினர்வாங்கற பெண் சாமியோட கோயில்லயே வச்சு பலாத்காரம் பண்றான், ஆனா தண்டனை விழறது அவ மேல, முடியெல்லாம் பாம்பாயிடுது. இன்னைக்கு மெடூசா பக்கம் நின்னு எழுதுறவங்க முக்காவாசி பேர் கதைய எடுக்குறது இந்த ஓவிட் கிட்ட இருந்துதான், ஓவிடே பழைய கதைய திருப்பிச் சொன்ன ஆசாமி.

இன்னும் பழசு வேணும்னா எலெக்ட்ரா கதை. கி.மு. 458-ல கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ் போட்ட நாடகத்துல அப்பா கல்லறைல கிடக்குற ஒரு கத்தை முடியையும் காலடித் தடத்தையும் பாத்து, இது தன்னோடது மாதிரியே இருக்கே, தம்பி வந்துட்டான்னு எலெக்ட்ரா நினைக்கிறா. அப்புறம் யூரிப்பிடிஸ்ங்கற இன்னொரு நாடகாசிரியர் அதே கதைய எடுத்து, ஒரு கிழவர் வந்து இதே அடையாளத்த சொல்ற மாதிரி வச்சு, எலெக்ட்ரா வாயாலயே கலாய்க்கிறாரு: பாறைத் தரைல தடம் எப்படிப் பதியும், அப்படியே பதிஞ்சாலும் ஆம்பள காலும் பொம்பள காலும் ஒரே அளவா இருக்குமா! கடைசில தம்பி புருவத்துக்குப் பக்கத்துல இருக்குற தழும்ப வச்சுதான் அடையாளம் தெரியுது. அப்பவே இவ்ளோ உரிமை எடுத்துருக்காங்க, நீங்க தாராளமா எடுக்கலாம்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு கதைய முடிவு பண்ணுங்க, ஆனா சுருக்கம் மட்டும் படிச்சிட்டு எழுதாதீங்க, பழைய நூலோட முழு மொழிபெயர்ப்பு ஒண்ண எடுத்து சம்பந்தப்பட்ட பகுதிய மெதுவாப் படிங்க. சுருக்கத்துல "ஒடிசியஸ் வீடு திரும்பி, தன் பொண்டாட்டி பெனலோப்பிய கட்டிக்க வந்தவங்கள கொன்னான்"னு ஒரு வரில போயிடும். ஹோமரோட ஒடிசி காவியத்துல 22-வது பகுதிய படிச்சாதான் தெரியும், அந்தக் கொலைக்கு அப்புறம் 12 வேலைக்காரப் பொண்ணுங்கள கூப்புட்டு பொணத்தத் தூக்க வைக்கிறாங்க, ரத்தம் பட்ட நாற்காலி மேசையெல்லாம் தண்ணியும் பஞ்சும் வச்சுத் துடைக்க வைக்கிறாங்க, வேலை முடிஞ்சதும் வெளிய கூட்டிட்டுப் போயி கப்பல் கயித்துல வரிசையாத் தூக்குல போடுறாங்க. வாளால வெட்டச் சொன்னது அப்பா ஒடிசியஸ், அந்த மரியாதையான சாவு இவளுங்களுக்கு எதுக்குன்னு கயித்த எடுத்தது மகன் டெலிமாக்கஸ். வலையில மாட்டுன பறவைங்க மாதிரி கொஞ்ச நேரம் கால் துடிச்சதுன்னு ஹோமர் சொல்லிட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிடுறாரு. பெனலோப்பி? மாடில தூங்கிட்டு இருக்கா. மார்கரெட் அட்வுட் 2005-ல எழுதுன "தி பெனலோப்பியாட்" இந்த இடத்துல இருந்துதான் முளைச்சுது, அந்த 12 பேரும் அதுல கோரஸா வந்து பேசுறாங்க.

படிக்கும்போது பென்சில வச்சு ரெண்டு விஷயத்துக்கு கோடு போடுங்க. ஒண்ணு, யாரு ரொம்பக் கொஞ்சமா பேசுறாங்க. ஹோமரோட இன்னொரு காவியம் இலியட்ல கிரேக்க வீரன் அக்கிலீஸுக்கும் படைத்தலைவன் அகமெம்னனுக்கும் சண்டையே பிரிசெயிஸ்ங்கற சிறைபுடிச்ச பொண்ணாலதான், ஆனா அவ வாயத் திறக்குறது ஒரே ஒரு தடவை, 19-வது பகுதில அக்கிலீஸோட நண்பன் பெட்ரோக்ளஸ் பொணத்து மேல விழுந்து அழும்போது, அதுலயும் தன் புருஷனக் கொன்ன அக்கிலீஸுக்கே தன்னக் கட்டி வைக்கிறேன்னு பெட்ரோக்ளஸ் ஆறுதல் சொன்னத நினைச்சு அழறா. இத விட ஒரு நாவலுக்கு என்ன வேணும், பேட் பார்க்கர் 2018-ல எழுதியும் காட்டிட்டாங்க. ரெண்டாவது, எந்த இடத்துல கவிஞர் அவசரமா தாண்டிப் போறாரு.

ஆனா ஒண்ணு சொல்லணும், பேசாத பொண்ணு இப்ப "நான்"னு ஆரம்பிச்சு தன் கதைய சொல்றது ரொம்ப சகஜமாயிடுச்சு. அதையே செய்யுறதா இருந்தா அவளுக்கும் ஒரு குத்தம், ஒரு சுயநலம் குடுங்க, பாவமா மட்டும் இருந்தா படிக்கிறவன் இருபது பக்கத்துல சலிச்சுடுவான்.

வேற வழியும் இருக்கு. ஓரத்துல நின்னு வேடிக்கை பாத்தவங்கள எடுங்க. ஓவிட் கதைல அப்பா டெடலஸும் மகன் இக்காரஸும் இறக்கை கட்டிப் பறந்து போறத ஒரு மீன் புடிக்கிறவன், ஒரு ஆடு மேய்க்கிறவன், ஒரு ஏர் ஓட்டுறவன் வாயப் பொளந்து பாத்து, சாமிதான் போகுதுன்னு நினைக்கிறாங்க. ப்ரூகல் பேர்ல இருக்குற ஓவியத்துல அதே மூணு பேரும் உண்டு, ஆனா ஒருத்தனும் இக்காரஸப் பாக்கல, கடல்ல விழுந்த பையனோட ரெண்டு கால் மட்டும் தெரியுது. அந்த ஓவியத்த வச்சு ஆடன் 1938-ல கவிதை எழுதுனாரு. கதைல எதையும் மாத்தல, பாக்குறவன் கண்ண மட்டும் திருப்புனாங்க, மொத்த அர்த்தமும் வேறயாயிடுச்சு.

இல்லன்னா காலத்தையே மாத்தலாம், இதுல ஜாய்ஸ்தான் குரு. ஒடிசிய வச்சு அவர் எழுதுன யுலிஸஸ் நாவல்ல எல்லாம் 1904 ஜூன் 16, டப்ளின்ல ஆரம்பிச்சு அடுத்த நாள் விடியறதுக்குள்ள முடிஞ்சிடும். ஒத்தக்கண் அரக்கன் பாறையத் தூக்கி கப்பல் மேல எறியுற சீனுக்கு பதிலா, பப்ல வெறி புடிச்சுப் பேசுற ஒருத்தன் கதாநாயகன் புளூம் மேல பிஸ்கட் டின்ன எறியுறான். புக்ல அத்தியாயத்துக்கு ஹோமர் தலைப்பு எதுவும் கிடையாது. நீங்களும் அப்படியே செய்ங்க, ஹீரோவுக்கு அக்கிலீஸ்னே பேர் வச்சு வாசகன முழங்கையால இடிச்சுட்டே இருக்காதீங்க.

சாமிங்கள வைக்கிறதா வேணாமான்னு எழுத ஆரம்பிக்கும் முன்னாடியே முடிவு பண்ணிடுங்க, நடுவுல அப்பல்லோ திடீர்னு வந்து நின்னா கதை உடையும். உர்சுலா லெ குயின் 2008-ல "லாவினியா" எழுதும்போது வெர்ஜில் கதைல சண்டை போட்டுட்டே இருக்குற சாமிங்கள மேடைய விட்டே இறக்கிட்டாங்க, அதுக்கு பதிலா வெர்ஜிலோட ஆவியவே கொண்டு வந்து கதாநாயகி கூட பேச விட்டாங்க! வெர்ஜிலோட ஈனீட் காவியம் முழுக்க ஒரு வார்த்தை பேசாத பொண்ணு அந்த லாவினியா. பேர் விஷயம் சின்னதுதான், கிரேக்க நூல்ல இருந்து எடுத்தா அதீனா, ரோம நூல்னா மினர்வா, ரெண்டையும் கலக்காதீங்க.

எழுதி முடிச்சதும் இந்தப் புராணமே தெரியாத ஒருத்தர்கிட்ட குடுங்க, விளக்கம் ஒரு வரி கூட சொல்லாதீங்க. அவங்க எங்க நிறுத்தி "இவ யாரு?"ன்னு கேக்குறாங்களோ அந்தப் பக்கத்துக்கு திரும்பிப் போயி சரி பண்ணுங்க, அடிக்குறிப்பு போட்டு சமாளிக்காம கதைக்குள்ளயே.