நீராவி மாடல் எஞ்சினுக்குள் சத்தம்: சவுண்ட் டிகோடர் பொருத்தும் செய்முறை

சவுண்ட் டிகோடர் என்பது கட்டுப்பாட்டுக் கருவியின் கட்டளையை வாங்கி, மாடல் எஞ்சினின் மோட்டாரையும் சத்தத்தையும் இயக்கும் சிறு மின்னணுப் பலகை. அதற்கான சாக்கெட்டோடு வரும் புதிய எஞ்சினில் டிகோடர் பொருத்த ஐந்து நிமிடம் போதும். பிளக்கைச் செருகி, ஸ்பீக்கரை உட்கார வைத்து, மூடியைப் பூட்டினால் வேலை முடிந்தது. சாக்கெட் இல்லாத பழைய எஞ்சினில்தான் வேலை நிறைய. டெண்டர், அதாவது நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் பின்வண்டி, உள்ள எந்த எஞ்சினுக்கும் முறை ஒன்றே. இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது ஓஓ அளவு, அதாவது 1:76 விகிதத்தில் செய்த பிரிட்டிஷ் ஏ4 வகை எஞ்சின். 1938 ஜூலை 3 அன்று மணிக்கு 126 மைல் வேகம் தொட்ட மல்லார்ட் இந்த வகைதான். டிகோடரும் ஸ்பீக்கரும் டெண்டருக்குள்தான் போகும்.

வாங்க வேண்டியவை

சவுண்ட் டிகோடர் ஒன்று (இங்கே லோக்சவுண்ட் 5), 11 × 15 மி.மீ. அளவுள்ள 8 ஓம் 'சுகர் கியூப்' ஸ்பீக்கர், அதற்கான பெட்டி, நூல் போன்ற மெல்லிய பல இழை வயர், ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினால் சுருங்கி இணைப்பை மூடும் காப்புக் குழாய்), காப்டான் டேப் (சூடு தாங்கும் காப்பு டேப்), ரோசின் உள்ள மெல்லிய சால்டர் கம்பி, கூர்முனை சால்டரிங் அயர்ன், மல்டிமீட்டர். கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எஞ்சினுக்குள் விடாதீர்கள். சூட்டில் அதன் பசை இளகி, டேப் பிரிந்து, பிசுக்கு கியரில் ஏறும். அமிலப் பசை ஃப்ளக்ஸும் வேண்டாம். அது நாளடைவில் மெல்லிய வயரை அரித்துவிடும்.

டிகோடர் வாங்கும் முன் இரண்டு சோதனை

எஞ்சினைச் சாதாரண டிசி மின்சாரத்தில் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். டிசியில் தடுமாறும் எஞ்சின் டிகோடர் போட்டாலும் தடுமாறும், அதுவும் சத்தத்தோடு. சக்கரங்களை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்து, மின்சாரம் எடுக்கும் தகடுகள் எல்லாச் சக்கரத்தையும் தொடுகின்றனவா என்று பாருங்கள்.

அடுத்து, 12 வோல்ட் கொடுத்து, மீட்டரைத் தொடர் இணைப்பில் வைத்து, சக்கரம் சுற்றாதபடி ஒரு நொடி மட்டும் விரலால் அழுத்திப் பிடியுங்கள். அப்போது காட்டும் ஆம்பியர்தான் மோட்டார் கேட்கக்கூடிய உச்ச அளவு. அது டிகோடரின் வரம்புக்குள் இருக்க வேண்டும். லோக்சவுண்ட் 5-இன் மோட்டார் வரம்பு 1.5 ஆம்பியர், அதன் சிறிய வடிவமான மைக்ரோ வகைக்கு 0.75. பழைய பெரிய மோட்டார்களுக்கு மைக்ரோ தாங்காது.

மோட்டாரைத் தனிமைப்படுத்துதல்

டிகோடர்கள் பெரும்பாலும் எரிவது இந்த இடத்தில்தான். டிசி எஞ்சினில் தண்டவாளத்து மின்சாரம் நேராக மோட்டாருக்குப் போகிறது. டிசிசி, அதாவது தண்டவாளம் வழியே எண்முறைக் கட்டளை அனுப்பும் முறையில் தண்டவாளம் டிகோடருக்கும், டிகோடர் மோட்டாருக்கும் மின்சாரம் கொடுக்க வேண்டும். இடையில் குறுக்குவழி ஒன்று இருந்தாலும் தண்டவாளத்து வோல்டேஜ் டிகோடரின் மோட்டார் முனையில் பின்பக்கமாக ஏறி, சிப் போய்விடும்.

பழைய எஞ்சின்களில் ஒரு பக்கச் சக்கரங்கள் உலோகச் சட்டத்தோடு தொடர்பில் இருக்கும். மோட்டாரின் ஒரு பிரஷ்ஷும் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் துண்டு) அதே சட்டத்தோடு சேர்ந்திருக்கும். எக்ஸ்04 என்னும் பழைய வகை மோட்டாரில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிரஷ்ஷை அழுத்தும் ஸ்பிரிங்கின் ஒரு காலில் மட்டும் காப்புக் குழாய் இருக்கும், இன்னொரு கால் வெறுமையாக இருக்கும். வெறுமையான காலுக்கும் குழாய் மாட்டி, அந்தப் பிரஷ்ஷிலிருந்து தனி வயர் எடுக்க வேண்டும். மற்ற மோட்டார்களில் சட்டத்தைத் தொடும் தகட்டை வெட்டுவதோ, அடியில் காப்டான் ஒட்டுவதோ போதுமாக இருக்கும்.

மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே சிறு கெப்பாசிட்டர் இருந்தால் வெட்டி எடுத்துவிடுங்கள். அது ரேடியோ இரைச்சலைக் குறைக்கப் போட்டது. டிகோடர் மோட்டாரின் வேகத்தை அளந்து பார்ப்பதை அது குழப்பும்.

இனி மீட்டரை ஓம் அளவில் வைத்து நான்கு அளவீடுகள்: மோட்டாரின் ஒவ்வொரு முனைக்கும் இடது பக்கச் சக்கரம், ஒவ்வொரு முனைக்கும் வலது பக்கச் சக்கரம். நான்கிலும் தொடர்பே இருக்கக் கூடாது. சக்கரத்தைச் சுற்றியபடியே பாருங்கள். உடலை மாட்டித் திருகை இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை பாருங்கள். திருகு இறுகும்போது மோட்டார் நகர்ந்து சட்டத்தைத் தொடுவது அடிக்கடி நடக்கும்.

வயர் இணைப்பு

டிசிசியில் வயர் நிறங்களுக்குப் பொது ஒழுங்கு உண்டு. சிவப்பு வலது தண்டவாளம், கறுப்பு இடது தண்டவாளம், ஆரஞ்சும் சாம்பலும் மோட்டார், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவான நேர்முனை. லோக்சவுண்டில் ஸ்பீக்கருக்குப் பழுப்பு வயர் இரண்டு, சுனாமி2 என்னும் வேறு டிகோடரில் ஊதா.

டிகோடர் டெண்டரில் இருப்பதால் எஞ்சினுக்கும் டெண்டருக்கும் இடையே நான்கு வயர்கள் ஓடும்: மோட்டாருக்கு இரண்டு, தண்டவாளத் தொடர்புக்கு இரண்டு. அடுப்பறை ஒளிர எல்இடி வைப்பதானால் இன்னும் இரண்டு சேரும், கூடவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். அது இல்லாமல் எல்இடி நொடியில் போய்விடும். இடைவழியில் குட்டிப் பிளக் ஒன்று வைத்தால் பிறகு எஞ்சினைத் தனியே கழற்றலாம். வயரில் போதிய தளர்வு விடுங்கள். 438 மி.மீ. ஆர வளைவில் தள்ளிப் பார்க்கும்போது வயர் விறைத்தால் டெண்டர் தடம் புரளும்.

ஒவ்வொரு இணைப்புக்கும் ஹீட் ஷ்ரிங்க் போடுங்கள், குழாயை வயரில் நுழைத்துவிட்டுச் சால்டர் வைக்கவும். இது எல்லாரும் மறப்பது.

ஸ்பீக்கர்

பெட்டியில்லாத ஸ்பீக்கர் கொசு போல ரீங்கரிக்கும். காரணம், சவ்வின் முன்பக்கக் காற்றலையும் பின்பக்க அலையும் எதிரெதிராக ஓடிச் சந்திக்கின்றன. கனத்த ஒலிதான் முதலில் அழியும். பின்பக்கத்தைக் காற்று புகாமல் அடைப்பதே பெட்டியின் வேலை. விளிம்பைச் சுற்றி வெள்ளைப் பசை தடவி, வயர் வெளியேறும் துளையையும் அடையுங்கள். டெண்டரில் இடம் இருக்கும் மட்டும் பெட்டியைப் பெரிதாக்கலாம். ஸ்பீக்கருக்கு அதிகச் செலவு செய்வதைவிட இந்த அடைப்பில் கவனம் செலுத்துவது பலன் தரும்.

ஸ்பீக்கரை டெண்டர் தரையை நோக்கி வைத்து, கீழே 2 மி.மீ. துளைகள் சில போடுங்கள். உலோகத் தூளை முழுக்கத் துடைத்த பிறகே ஸ்பீக்கரை வைக்கவும். அதன் காந்தம் தூளை இழுத்துக்கொண்டால் கரகரப்பு நிரந்தரம். ஓம் அளவும் டிகோடருக்கு ஒத்துவர வேண்டும்: லோக்சவுண்ட் 5, 4 முதல் 32 ஓம் வரை ஏற்கும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைத் தொடராக இணைத்தால் 16, இணையாக இணைத்தால் 4.

முதல் மின்சாரம்

எடுத்த எடுப்பில் எஞ்சின்கள் ஓடும் தடத்தில் வைக்காதீர்கள். டிகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் மாற்றவும் உள்ள தனித் தடமான புரோகிராமிங் தடத்தில் மின்னோட்டம் குறைவு. வயர் தப்பாக இருந்தாலும் டிகோடர் பெரும்பாலும் தப்பிக்கும். சிவி என்பது டிகோடருக்குள் ஓர் அமைப்பைச் சேமிக்கும் எண்ணிட்ட இடம். அங்கே தயாரிப்பாளரின் எண் இருக்கும் சிவி8-ஐப் படியுங்கள். லோக்சவுண்டானால் 151 வரும். எதுவும் வரவில்லை என்றால் தண்டவாளத் தொடர்பையும் மோட்டார் வயர்களையும் சரிபாருங்கள்.

கட்டுப்பாட்டுக் கருவி எஞ்சினை அழைக்கும் எண்தான் முகவரி, அது தொடக்கத்தில் 3. மல்லார்டின் எண் 4468-ஐ நீள முகவரியாக வைக்க: 4468-ஐ 256-ஆல் வகுத்தால் ஈவு 17, மீதி 116. சிவி17 = 192 + 17 = 209, சிவி18 = 116, சிவி29-இல் 32 சேர்க்கவும் (ஏற்கெனவே சேர்ந்திருந்தால் வேண்டாம்). பெரும்பாலான கருவிகள் இந்தக் கணக்கைத் தாமே போடும்.

பிறகு ஓடும் தடத்தில் சிவி54-ஐ 0 ஆக்கி, கட்டுப்பாட்டுக் கருவியில் எஃப்1 பொத்தானை அழுத்தினால், டிகோடர் மோட்டாரை ஒரு கணம் முழு வேகத்தில் ஓட்டி அளந்துகொள்ளும். முன்னால் இரண்டு மீட்டராவது நேரான தடம் காலியாக இருக்கட்டும்.

'குப்' சத்தத்தைச் சக்கரத்தோடு சேர்த்தல்

இரண்டு சிலிண்டர் எஞ்சின் சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை 'குப்' என்னும். ஏ4-க்கு மூன்று சிலிண்டர், ஆகவே ஆறு. ஏ4-க்குரிய மூன்று சிலிண்டர் ஒலிக்கோப்பையும் மூன்று சுரம் சேர்ந்து ஒலிக்கும் அதன் விசிலையும் விற்பனையாளரிடமே ஏற்றச் சொல்லுங்கள். நான்கு குப் தரும் ஒலிக்கோப்பு ஏ4-இல் இருந்தால் காது பழகியவர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

பெரிய சக்கரத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று வைத்து, மிகக் குறைந்த வேகத்தில் எண்ணுங்கள். ஆறு வராவிட்டால் சிவி57-ஐ மாற்றுங்கள். நடுத்தர வேகத்தில் சிவி58. வேகத்தில் துல்லியம் தேடி மெனக்கெட வேண்டாம்: உண்மை ஏ4-இன் சக்கரம் 2032 மி.மீ. விட்டம், மணிக்கு 60 மைலில் நொடிக்கு 25 குப். எண்ணவே முடியாத ரீங்காரம்தான் அது. நிலையத்தை விட்டுக் கிளம்பும் முதல் சில மீட்டர்தான் கேட்பவர் கவனிக்கும் இடம்.

ஏதாவது சரியாக நடக்கவில்லையா

எஞ்சின் பின்னோக்கிப் போனால் ஆரஞ்சு, சாம்பல் வயர்களை மாற்றுங்கள். ஓடும்போது சத்தம் நின்று நின்று முதலிலிருந்து தொடங்கினால், மின்தொடர்பு விட்டுப்போகிறது. சக்கரத்தைத் துடையுங்கள், டெண்டர் சக்கரங்களிலிருந்தும் மின்சாரம் எடுங்கள். அதன் பிறகும் போகாவிட்டால் சேமிப்புக் கெப்பாசிட்டர் சேர்க்கலாம், ஆனால் துடைக்காமல் அதைச் சேர்ப்பது நோயை மறைப்பதுதான். மோட்டார் ஓடியும் சத்தமே இல்லாவிட்டால் முதலில் எஃப்1 (சத்தத்தை இயக்கும் பொத்தான்), பிறகு சிவி63 (ஒலி அளவு), அதன்பின் பழுப்பு வயர்கள் என்று பாருங்கள். முனகல், கரகரப்பு வந்தால் சிவி63-ஐக் குறையுங்கள். சுகர் கியூப் முழு ஒலிக்குப் படைக்கப்பட்டதல்ல.