பரணில் கிடக்கும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்

2021-இல் கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவி) மும்பையில் செம்பூர், மாட்டுங்கா பக்கம் சில வீடுகளில் இன்னும் பரணில் இருக்கும். யாரோ அவசரம் என்று கேட்டதும் அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

உள்ளே இரண்டு உருளைகளில் கடுகளவு சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த ஒரு கனிமம்) மணிகள் இருக்கின்றன. காற்றை அழுத்தி அனுப்பினால், அதில் 78 சதவீதம் இருக்கும் நைட்ரஜனை அவை பிடித்துக்கொள்ளும். வெளியே வருவது 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன். அழுத்தம் குறைந்ததும் நைட்ரஜனை விட்டுவிடும். ஒரு உருளை பிடிக்க, மற்றது விட, மாறி மாறி வேலை. அந்த ‘புஸ்’ சத்தம் இதுதான்.

சிக்கல் என்னவென்றால், சியோலைட்டுக்கு நைட்ரஜனைவிட ஈரம்தான் ரொம்பப் பிடிக்கும். மும்பை மழைக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நுண்துளைகளில் ஈரம் ஏறிவிட்டால் நைட்ரஜனுக்கு இடமில்லை. அப்புறம் மீட்டர் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றே காட்டும். ஆனால் வருவது கிட்டத்தட்ட சாதாரணக் காற்று!

எனவே, கொடுக்கும் முன் சர்வீஸ்காரரிடம் ஆக்சிஜன் அனலைசரால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 87 சதவீதத்துக்குக் கீழே என்றால் சியோலைட்டை மாற்ற வேண்டியிருக்கலாம். சும்மா வைத்திருப்பவர்கள் ஆக்சிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, ஈரமில்லாத இடத்தில் வைத்து, கையேட்டில் சொன்னபடி அவ்வப்போது ஓடவிடுங்கள். ஃபில்டரில் உள்ள தூசியையும் தட்டிவிடுங்கள்.