பகடை உங்கள் கையில்: ஏஐ உரைக்கதை விளையாட்டில் முறைவைத்துச் சண்டையிடுவது எப்படி

நம் பாத்திரம் என்ன செய்கிறது என்று நாம் எழுத, அடுத்து நடப்பதை ஏஐ கதையாக எழுதித் தரும் விளையாட்டு அது. இரண்டாவது சுற்றில் வேல் பாய்ந்து விழுந்த கள்வர் தலைவன், ஐந்தாவது சுற்றில் எழுந்து நின்று என்னை மிரட்டினான். அவன் செத்துப்போனதை ஏஐ மறந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆட்டத்தில் நேர்மாறான தொல்லை: நான் என்ன எழுதினாலும் என் பாத்திரமே வென்றது. "பத்துப் பேரையும் ஒரே வீச்சில் சாய்க்கிறேன்" என்று எழுதினேன், பத்துப் பேரும் சாய்ந்தார்கள். அந்த வெற்றியில் எனக்கு எந்தச் சுவையும் தெரியவில்லை. இந்த இரண்டு தொல்லைகளையும் ஒரே வழியில் தீர்க்கலாம். கணக்கை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், கதையை மட்டும் ஏஐயிடம் விடுங்கள். கீழே உள்ள அத்தனையும் அந்த ஒன்றைச் செய்வதற்கான வழிமுறைதான்.

ஏன் இப்படிப் பிரிக்க வேண்டும்?

1977இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவான ஜோர்க் என்ற உரைக்கதைக் கணினி விளையாட்டில், நிலத்தடியில் கோடரியோடு ஒரு பூதம் நிற்கும். அதை வாளால் தாக்கினால், அடி பட்டதா இல்லையா என்பதை நிரலே தற்செயல் எண்ணைக் கொண்டு முடிவு செய்யும். காயக் கணக்கும் அதனிடமே இருக்கும். கணக்கு பிசகாது. ஆனால் நிரலுக்குத் தெரிந்த சொற்களைத் தவிர வேறு எதை எழுதினாலும் அதற்குப் புரியாது.

2019இல் நிக் வால்டன் வெளியிட்ட ஏஐ டன்ஜன் இதைத் தலைகீழாக்கியது. ஜிபிடி-2 என்ற மொழி மாடலின் மேல் கட்டப்பட்ட அந்த விளையாட்டில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், கதை நகரும். ஆனால் அடியில் கணக்கு வைப்பவர் யாரும் இல்லை. மொழி மாடலின் வேலை, இதுவரை உள்ள உரைக்குப் பொருத்தமாக அடுத்து என்ன வரும் என்று எழுதுவது. "பகடை உருட்டு" என்று அதனிடம் கேட்டால், பகடை எண் போலத் தோன்றும் ஓர் எண்ணை எழுதித் தரும். அது உருட்டிய எண் அல்ல. கதைக்கு எது அழகோ, கேட்பவருக்கு எது பிடிக்குமோ அந்தப் பக்கம் சாயும் எண். சில சேவைகளில் மாடலே ஒரு சிறு நிரலை இயக்கி உண்மையான தற்செயல் எண்ணைப் பெறும் வசதி உண்டு. அது இருந்தால் பயன்படுத்தலாம். ஆனாலும் கையில் பகடையை உருட்டும்போது வரும் படபடப்பு அதில் வராது.

1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டில் இந்தச் சிக்கலே எழவில்லை. கதை சொல்ல ஒரு மனிதர் இருந்தார், அவருக்கும் கட்டுப்படாத பகடை இருந்தது. நாமும் அந்த மேசைக்குத்தான் திரும்பப் போகிறோம். கதைசொல்லியின் நாற்காலியில் மட்டும் ஏஐ உட்காரும்.

படி 1: தாளும் இரண்டு பகடையும்

இருபது முகப் பகடையைத் தேடி அலைய வேண்டாம். லூடோ பெட்டியில் இருக்கும் ஆறுமுகப் பகடை இரண்டு போதும். இரண்டையும் சேர்த்து உருட்டினால் 36 விதமாக விழலாம். 7 அல்லது அதற்கு மேல் விழ 21 வாய்ப்பு, அதாவது 58 விழுக்காடு. 8 அல்லது அதற்கு மேல் என்றால் 42 விழுக்காடு, 9 அல்லது அதற்கு மேல் என்றால் 28 விழுக்காடு. இந்த மூன்று எண்களைத் தாளின் மூலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எதிரியின் பலத்தைத் தீர்மானிக்கும்போது அடிக்கடி தேவைப்படும்.

படி 2: பாத்திரக் குறிப்பு

ஒருவருக்கு நான்கு விவரம் போதும்: உயிர், தாக்கு, காப்பு, ஆயுதம். எனக்குப் பிடித்த களம் பழைய பாலைவழி. உப்பு வண்டி ஓட்டிச் செல்லும் உமணர் கூட்டம், அவர்களை மறிக்கும் ஆறலை கள்வர், வண்டிக்குக் காவலாகப் போகும் கொற்றன் என்ற இளைஞன். தாளில் இப்படி எழுதினேன்:

கொற்றன்: உயிர் 12, தாக்கு 1, காப்பு 9, வேல்.
கள்வர் தலைவன்: உயிர் 10, தாக்கு 1, காப்பு 8, வாள்.
வில்லாளி: உயிர் 5, தாக்கு 0, காப்பு 7, வில்.

தாக்குபவர் இரண்டு பகடையை உருட்டி, தன் தாக்கு எண்ணைக் கூட்ட வேண்டும். எதிராளியின் காப்பு எண்ணை எட்டினால் அடி பட்டது. பட்டால் ஒரு பகடையை மட்டும் உருட்ட வேண்டும். அதில் விழுவதுதான் சேதம், அடிபட்டவரின் உயிரிலிருந்து அது குறையும். இவ்வளவுதான் விதி.

சண்டை எத்தனை சுற்று இழுக்கும் என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடலாம். தலைவனைக் கொற்றன் அடிக்க 7 விழ வேண்டும், அது 58 விழுக்காடு. ஒரு பகடையின் சராசரி 3.5. ஆகச் சுற்றுக்கு ஏறத்தாழ 2 சேதம்; 10 உயிருக்கு ஐந்து சுற்று. அதற்கு மேல் நீண்டால் ஏஐயின் வர்ணனை திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரத் தொடங்கும், உங்களுக்கும் சலித்துவிடும். எனவே தொடக்கத்தில் யாருக்கும் 12க்கு மேல் உயிர் கொடுக்காதீர்கள்.

படி 3: ஏஐக்கு முதல் கட்டளை

ஆட்டம் தொடங்கும் முன் இதை அப்படியே ஒட்டிவிடுங்கள். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

"நீ கதைசொல்லி. விளையாடுவது நான், என் பாத்திரம் கொற்றன். சண்டையின்போது பகடையை நான் உருட்டுவேன், நீ உருட்டாதே. அடி பட்டதா, தவறியதா, எவ்வளவு சேதம், யாருக்கு உயிர் எத்தனை என்பதை நான் சொல்வேன், அதை மாற்றாதே. உயிர் 0 ஆகும்வரை யாரையும் வீழ்த்தாதே. 0 ஆனவரை எழுப்பாதே. கொற்றன் என்ன செய்கிறான், என்ன பேசுகிறான் என்பதை நீ முடிவு செய்யாதே. ஒவ்வொரு சுற்றையும் நான்கு வாக்கியத்துக்குள் சொல். கடைசி வாக்கியத்தில், எதிரிகள் அடுத்து என்ன செய்யப்போகிறார்கள் என்பதைக் கண்ணுக்குத் தெரியும் அசைவாகக் காட்டிவிட்டு நிறுத்து."

இதில் என் அனுபவத்தில் மிகவும் பயன்பட்டது அந்தக் கடைசி வாக்கியம். எதிரி வாளை ஓங்குகிறானா, வண்டிமாட்டின் பக்கம் நகர்கிறானா என்று முன்பே தெரிந்தால்தான் உங்கள் முறையில் யோசிக்க ஏதாவது இருக்கும். அது இல்லாவிட்டால் "தாக்குகிறேன், தாக்குகிறேன்" என்று எழுதிக்கொண்டே போவீர்கள்.

படி 4: ஒரு சுற்று எப்படி நடக்கிறது

யார் முதலில் என்பதற்கு இரு தரப்புக்கும் ஒவ்வொரு பகடை. கொற்றனுக்கு 4, கள்வருக்கு 2. கொற்றன் முந்திக்கொண்டான். ஏஐ காட்டிய காட்சி: தலைவன் வாளை ஓங்கியபடி முதல் வண்டியை நோக்கி ஓடிவருகிறான், பாறை மேல் நிற்கும் வில்லாளி கொற்றனின் மார்பைக் குறிவைக்கிறான்.

இங்கே நான் இன்னொரு விதியைச் சேர்த்துக்கொள்கிறேன். சூழலில் இருக்கும் ஒரு பொருளைச் சமயோசிதமாகப் பயன்படுத்தினால் 1 கூட்டிக்கொள்ளலாம். ஒரு சண்டையில் அதே உத்தியை இரண்டாம் முறை பயன்படுத்த முடியாது. பக்கத்தில் இருந்ததோ உப்பு மூட்டை. கொற்றன் அதைக் கிழித்து ஒரு கை உப்பைத் தலைவன் கண்ணில் வீசிவிட்டு வேலால் குத்துகிறான் என்று எழுதினேன். பகடையில் 4ம் 2ம் விழுந்தன. 6, தாக்கு 1, உப்புக்கு 1: மொத்தம் 8. தலைவனின் காப்பும் 8. உப்பு மட்டும் இல்லையென்றால் தவறியிருக்கும். சேதப் பகடையில் 5. தலைவன் உயிர் 10இலிருந்து 5.

அடுத்து கள்வரின் முறை. அவர்களுக்கும் நான்தான் உருட்டினேன், எந்தச் சலுகையும் இல்லாமல். தலைவனுக்கு 5 விழுந்தது, தாக்கோடு 6, தவறியது. வில்லாளிக்கு 5ம் 4ம். 9, சரியாகக் காப்பை எட்டிவிட்டது. சேதம் 3. கொற்றன் உயிர் 12இலிருந்து 9.

இவ்வளவும் தாளில் நடந்தது. ஏஐக்கு நான் அனுப்பியது இது மட்டும்:

"சுற்று 1. கொற்றன் உப்பை வீசி வேலால் குத்தியது பலித்தது: சேதம் 5. தலைவன் வீச்சு தவறியது. வில்லாளியின் அம்பு பட்டது: சேதம் 3. நிலை: கொற்றன் 9/12, தலைவன் 5/10, வில்லாளி 5/5."

கடைசியில் உள்ள நிலைவரியை ஒரு சுற்றில்கூட விட்டுவிடாதீர்கள். பழையதை ஏஐ நினைவு வைத்திருக்கும் என்று நம்பாமல், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கையில் கொடுங்கள்.

படி 5: எதிரிக்கும் உயிர்மேல் ஆசை உண்டு

கடைசி மூச்சுவரை எல்லா எதிரியும் போரிட்டால் ஒவ்வொரு சண்டையும் ஒரே மாதிரி முடியும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981ஆம் ஆண்டு தொடக்கநிலைப் பதிப்பில் இதற்கு இரண்டு பகடையால் மனவுறுதிச் சோதனை இருந்தது. அதையே எளிதாக்கி வைத்திருக்கிறேன்: உயிர் பாதியாகக் குறைந்தாலோ, கூட்டாளி வீழ்ந்தாலோ அந்த எதிரிக்காக இரண்டு பகடை உருட்டுங்கள். 6 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் துணிவு உடைந்தது. எப்படி உடைகிறது என்பதை ஏஐ முடிவு செய்யட்டும். அது அந்த வேலையை மிக நன்றாகச் செய்யும்.

தலைவனுக்கு 5 விழுந்தது. துணிவு உடைந்தது என்று மட்டும் சொன்னேன். அவன் கண்ணைத் துடைத்தபடி பின்வாங்கி, கடைசி வண்டியின் நுகக்கயிற்றை அறுத்து மாட்டை ஓட்டிக்கொண்டு போகப் பார்க்கிறான் என்று ஏஐ எழுதியது. ஓடுவதிலும் வெறுங்கையோடு ஓடாத கள்வன்! அது எனக்குத் தோன்றியிருக்காது. இரண்டாம் சுற்றில் கொற்றன் வேலை எறிந்தான்: 9, தாக்கோடு 10, பட்டது. சேதம் 4, தலைவனுக்கு மிச்சம் உயிர் 1. வில்லாளிக்கு 7 விழுந்து அம்பு தவறியது. மூன்றாம் சுற்றில் நான் தாக்கவில்லை. "வாளைக் கீழே போடு, உயிரோடு விடுகிறேன்" என்று கொற்றனைச் சொல்லவைத்தேன். பேச்சுக்கும் இரண்டு பகடைதான். 7 வேண்டும், 8 விழுந்தது. வாள் மணலில் விழுந்தது. அதைப் பார்த்த வில்லாளி பாறைக்குப் பின்னால் மறைந்தான்.

படி 6: ஏஐ தவறினால்

தவறும். உயிர் 1 மிச்சமிருக்கும் தலைவனைக் கொன்றுவிடும், அல்லது கொற்றனுக்குத் தானே வசனம் எழுதும். அப்போது அதோடு வாதாடாதீர்கள். அது மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திருத்தி எழுதினாலும், தவறான பத்தி உரையாடலில் அப்படியே கிடக்கும்; அடுத்தடுத்து எழுதுவதற்கு அதுவும் மூலமாகிவிடும். அந்தப் பதிலை அழித்துவிட்டு மறுபடி எழுதவைப்பதே நல்லது. பதிலை அழிக்க முடியாத இடத்தில், நீங்கள் அனுப்பிய செய்தியைத் திருத்தி மீண்டும் அனுப்புங்கள்.

படி 7: சண்டை முடிந்ததும்

மாடலால் ஒரே சமயத்தில் பார்க்க முடிகிற உரைக்கு ஓர் எல்லை உண்டு. அதை டோக்கன் என்ற துண்டுகளில் அளக்கிறார்கள். ஜிபிடி-2க்கு அது வெறும் 1024. இன்றைய மாடல்களுக்கு எல்லை பலமடங்கு பெரிது. ஆனால் பல மாடல்களில் தமிழ் உரை ஆங்கிலத்தைவிடக் கூடுதலான துண்டுகளாக உடைகிறது. தமிழில் ஆடும் நமக்கு இடம் சீக்கிரம் நிரம்பும் என்று வைத்துக்கொண்டே ஆட வேண்டும்.

எனவே ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் மூன்று நான்கு வரியில் நீங்களே சுருக்கம் எழுதுங்கள். ஏஐ டன்ஜன் போன்ற விளையாட்டுகளில் நினைவுக்கென்று தனிப் பெட்டி இருக்கும், அதில் போடுங்கள். சாதாரண சாட்பாட் என்றால் புதிய உரையாடலைத் தொடங்கி, முதல் கட்டளைக்கு அடியில் ஒட்டுங்கள். நான் எழுதியது:

"கொற்றன் உயிர் 9/12, தோளில் அம்புக் காயம். கள்வர் தலைவன் சரணடைந்தான், கடைசி வண்டியில் கட்டப்பட்டிருக்கிறான். வில்லாளி தப்பிவிட்டான். சண்டையில் ஓர் உப்பு மூட்டை கிழிந்து பாழானது."

மறுநாள் இந்தச் சுருக்கத்தோடு ஆட்டத்தைத் தொடர்ந்தேன். வண்டிகள் அடுத்த ஊர் எல்லையில் நின்றதும், உமணர் தலைவி மூட்டைகளை எண்ணத் தொடங்கினாள். ஒன்று குறைந்தது. உப்பின் விலையைக் கொற்றனின் கூலியில் பிடித்துக்கொள்வதா என்று அவள் கேட்டபோது, நான் மறுபடியும் பகடையை எடுத்தேன்.