தம்பியின் கணுக்காலில் தினமும் அரை மணி நேரம்

சென்ட்ரிங் வேலையில் சாரத்திலிருந்து விழுந்து தம்பிக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு மூன்று வருஷமாகிறது. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டில் ராத்திரிக்கு மூன்று தடவை படுக்கை நனையும். சிறுநீர்ப்பை தானாகச் சுருங்குவதுதான் காரணம். அதை அடக்க, தோல் வழியாக நரம்புக்கு லேசான கரண்ட் கொடுக்கும் டென்ஸ் மெஷினைக் கணுக்காலில் வைக்கிறோம்.

மெஷின் வாங்கும் முன் டாக்டரிடம் யூரோடைனமிக் பரிசோதனை (சிறுநீர்ப்பைக்குள் அழுத்தத்தை அளந்து பார்ப்பது) செய்துகொள்ளுங்கள். எல்லா அடிக்கும் இது ஒத்துவராது. பேஸ்மேக்கர், கர்ப்பம், காலில் ரத்தக்கட்டு இருந்தால் வைக்கக் கூடாது.

உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னால், மெஷினிலிருந்து கரண்ட் வரும் ஒரு பட்டையை ஒட்டுகிறேன். அதற்கு மேலே பத்து சென்டிமீட்டர் தள்ளி இன்னொன்று. அந்த வழியாக ஓடும் நரம்பும் சிறுநீர்ப்பைக்குப் போகும் நரம்புகளும் முதுகுத்தண்டின் அடியில் ஒரே இடத்திலிருந்து வருபவை. எங்கள் பிசியோதெரபிஸ்ட் வைத்துத் தந்தது நொடிக்கு 20 துடிப்பு (20 ஹெர்ட்ஸ்), ஒவ்வொரு துடிப்பும் 200 மைக்ரோசெகண்ட். நேரம் 30 நிமிடம்.

கரண்டை எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் கவனம் வேண்டும். மற்றவர்கள் "சுருக்கென்கிறது" என்று சொல்லிவிடுவார்கள், தம்பிக்கு அங்கே உணர்ச்சியே இல்லை. அதனால் அவன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கூட்டுகிறேன். விரல் லேசாக மடங்கியதும் ஒரு படி குறைத்துவிடுவேன். விரல் அசையவில்லை என்றால் பட்டை இடம் தப்பியிருக்கிறது. கரண்டை ஏற்றாமல் பட்டையைக் கொஞ்சம் நகர்த்துங்கள். கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு போகாமல் நின்றால் மறுநாள் வேண்டாம். ஒரு முறை நான் கவனிக்காமல் விட்டு கொப்புளம் வந்துவிட்டது, அவனுக்குத் தெரியவே இல்லை. இன்னும் மனசு கேட்கவில்லை.

கழுத்திலோ மார்பின் மேல்பகுதியிலோ அடிபட்டவர்கள் (மார்புப் பகுதி முதுகெலும்பில் ஆறாவது, அதாவது டி6, அதற்கு மேல்) தனியாக இருக்கும்போது வைக்காதீர்கள். திடீர்த் தலைவலி, முகத்தில் வியர்வை வந்தால் மெஷினை நிறுத்துங்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள், உடனே சிறுநீரை வெளியேற்றுங்கள். குறையாவிட்டால் ஆஸ்பத்திரிதான்.

இது பையை அமைதிப்படுத்துமே தவிர காலி செய்யாது. தம்பி நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை டியூப் போட்டுச் சிறுநீரை எடுப்பதை நிறுத்தவில்லை. காலி செய்யவும் மின்தூண்டல் உண்டு: இங்கிலாந்தில் பிரிண்ட்லி என்ற உடலியல் விஞ்ஞானி உருவாக்கியது, அடிமுதுகு நரம்பு வேர்களில் அறுவை செய்து பொருத்துவது. அது பெரிய முடிவு, டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியது.

ஒரு நோட்டில் டியூப் போட்ட நேரம், எத்தனை மில்லி, நனைந்ததா என்று எழுதுங்கள். ஆறாவது வாரத்தில்தான் எங்கள் நோட்டில் நனையாத ராத்திரிகள் தெரிய ஆரம்பித்தன. அப்புறம், நனையவில்லையே என்று அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வெளியே காய்ந்திருந்தாலும் பைக்குள் அழுத்தம் ஏறினால் கிட்னி சத்தமில்லாமல் கெடும். தம்பிக்கு அடுத்தது தை மாதம், நோட்டையும் எடுத்துப் போகிறோம்.