குழந்தைகளோடு லண்டன் பப்புக்குப் போக: எங்கே, எத்தனை மணி வரை, எப்படி விசாரிப்பது

தமிழ்நாட்டில் ‘பார்’ என்றதும் டாஸ்மாக்கை ஒட்டிய கொட்டகைதான் கண்முன் வரும். பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்குள் நுழைய யாரும் நினைக்க மாட்டார்கள். லண்டன் பப் வேறு ரகம். ஞாயிறு மதியம் தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, நாய்க்குட்டி என்று மொத்தக் குடும்பமும் வந்து சாப்பிடும் இடம் அது. அதே மேசையில் ராத்திரி எட்டு மணிக்குக் குழந்தையோடு உட்கார்ந்தால் பல பப்களில் பணியாளர் வந்து பணிவாக எழுப்பிவிடுவார்.

அதனால் “இந்த பப்பில் குழந்தைகளை விடுவார்களா?” என்பது பாதிக் கேள்விதான். எத்தனை மணி வரை, எந்தப் பகுதியில், சாப்பிட்டால் மட்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் பதில் உதவும். ஊர் சுற்ற வந்தவர்களுக்கும் புதிதாகக் குடியேறியவர்களுக்கும் அதை விசாரிக்கும் முறை இது.

முதலில் சட்டம், சுருக்கமாக

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறையில் இருப்பது 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம். மது விற்பதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட இடத்துக்குள் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை தனியாக இருக்கக் கூடாது. 18 வயது நிரம்பிய ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பெரியவர் கூட இருந்தால் சட்டம் தடுப்பதில்லை. ஆனால் உள்ளே விட்டே ஆக வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. வாசலில் மறுத்தால் அது கடைக்காரரின் உரிமை. சட்டத்தைச் சொல்லி வாதாடிப் பயனில்லை.

மது வாங்கும் வயது 18. 16, 17 வயதுப் பிள்ளைக்கு ஒரு விலக்கு உண்டு: மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது, கூட வந்த பெரியவர் வாங்கிக் கொடுத்தால், பீர், ஒயின், சைடர் ஆகியவற்றில் ஒன்றைக் குடிக்கலாம். விஸ்கி, ஜின் வகையறாவுக்கு இந்த விலக்கு கிடையாது. இதையும் பல பப்கள் அனுமதிப்பதில்லை. நம்பிப் போக வேண்டாம்.

படி 1: பேட்டையைப் பாருங்கள்

பப்பைத் தேடும் முன் அது இருக்கும் பகுதியை யோசியுங்கள். வங்கிகளும் அலுவலகங்களும் நிறைந்த ‘சிட்டி’ பகுதியில் பல பப்கள் சனி, ஞாயிறு திறப்பதே இல்லை. வார நாள் மாலையில் அங்கே அலுவலகம் விட்ட கூட்டம் கோப்பையோடு நடைபாதை வரை நிற்கும். தள்ளுவண்டி நுழைய இடம் இருக்காது. நகர நடுவில் உள்ள இரவுக் கேளிக்கைப் பகுதியான சோஹோவும் ஏறக்குறைய அப்படித்தான்.

குடும்பத்துக்குத் தோதானவை குடியிருப்புப் பகுதிகளிலும் பூங்கா, ஆற்றங்கரை ஓரங்களிலும் இருக்கும். டல்விச், கிரீனிச், ரிச்மண்ட், ஹாம்ஸ்டெட் பக்கம் தேடுங்கள். ஹாம்ஸ்டெட் ஹீத் என்ற பெரிய பூங்காவின் ஓரத்தில் உள்ள ‘ஸ்பேனியர்ட்ஸ் இன்’ பெரிய தோட்டம் உள்ள பப்புக்கு நல்ல உதாரணம். நகர நடுவில்தான் வேண்டுமென்றால் முற்றம் உள்ளதைத் தேடுங்கள். போரோ மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் உள்ள ‘ஜார்ஜ் இன்’ 1677-இல் திரும்பக் கட்டப்பட்ட பழைய விடுதி. இப்போது பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குச் சொந்தம். அதன் முற்றத்தில் நிறைய மேசைகள் போட்டிருப்பார்கள்.

வெளி லண்டனில் கார் நிறுத்த இடத்தோடு இருக்கும் ஹார்வெஸ்டர், டோபி கார்வரி போன்ற தொடர் கடைகள் குடும்பங்களை நம்பியே நடப்பவை. சரித்திரமோ அழகோ எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மூன்று வயதுப் பிள்ளையோடு போகிறவருக்கு அங்கே தலைவலி குறைவு.

படி 2: இணையத்தில் வடிகட்டுங்கள்

கூகுள் மேப்ஸில் ஊர்ப் பெயரோடு ‘ஃபேமிலி ஃப்ரெண்ட்லி பப்’ என்று தேடுங்கள். ‘குழந்தைகளுக்கு ஏற்றது’ என்று அதில் இருக்கும் குறியை மட்டும் நம்பாதீர்கள். நேர வரம்பு பற்றி அது எதுவும் சொல்லாது. அதைவிடப் படங்கள் பயன்படும்: குழந்தைக்கான உயர நாற்காலி, தோட்டம், மேசைகளுக்கு இடையே இருக்கும் அகலம், வாசற்படி. பிறகு விமர்சனங்களைப் புதியது முதலாக வரிசைப்படுத்தி, ‘கிட்ஸ்’, ‘ஹை சேர்’ ஆகிய சொற்களை ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். நிர்வாகி மாறினால் விதியும் மாறும் என்பதால் இரண்டு வருடத்துக்கு முந்திய விமர்சனத்தைத் தள்ளிவிடலாம். பீர் ஆர்வலர்களின் கேம்ரா அமைப்பு நடத்தும் இணையப் பட்டியலிலும் குடும்பத்துக்கு ஏற்றது, தோட்டம் உண்டு என்ற குறிப்புகள் கிடைக்கும்.

அடுத்து அந்த பப்பின் சொந்தத் தளம். உணவுப் பட்டியலில் குழந்தைகளுக்கென்று தனிப் பக்கம் இருக்கிறதா? மேசை முன்பதிவுப் படிவம் பெரியவர் எத்தனை, குழந்தை எத்தனை என்று பிரித்துக் கேட்கிறதா? இரண்டும் இருந்தால் தைரியமாக அடுத்த படிக்குப் போகலாம். சமையலறையே இல்லாமல் சிப்ஸ் பாக்கெட்டும் கடலையும் மட்டும் விற்கும் பப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். சட்டப்படி விடலாம்தான், ஆனால் பிள்ளைக்கு அங்கே செய்ய ஒன்றும் இருக்காது.

படி 3: உரிமத்தைப் பாருங்கள்

பலருக்குத் தெரியாத வழி இது. மது விற்கும் ஒவ்வோர் இடத்துக்கும் உள்ளாட்சி மன்றம் தரும் உரிமத்தின் சுருக்கத்தை, வருகிறவர் கண்ணில் படும்படி கடையில் மாட்டியிருக்க வேண்டும். குழந்தைகள் நுழையத் தடையோ கட்டுப்பாடோ உண்டா என்பதற்கு அதில் தனியாக ஒரு வரி இருக்கும். மன்றத்தின் உரிமப் பதிவேடும் பொதுமக்கள் பார்வைக்கு உரியது. லண்டனில் பரோ எனப்படும் 32 உள்ளாட்சிப் பகுதிகளின் மன்றங்களும் சிட்டி ஆஃப் லண்டன் மன்றமும் இருப்பதால், பப் எந்த மன்றத்தின் எல்லையில் வருகிறது என்று பார்த்துவிட்டு, அந்த மன்றத்தின் தளத்தில் தேடுங்கள்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு வேண்டாம். பத்துப் பேர் கூடும் பிறந்தநாள் விருந்து என்றால் பார்த்துவிடுவது நல்லது. “மாலை ஏழுக்குப் பிறகு குழந்தைகள் இருக்கக் கூடாது” என்பது உரிமத்திலேயே நிபந்தனையாக இருந்தால், மேலாளர் எவ்வளவு நல்லவரானாலும் பத்து நிமிடம்கூடச் சலுகை தர முடியாது. அது கடையின் சொந்த விதியாக இருந்தால் சில சமயம் கேட்டுப் பார்க்கலாம்.

படி 4: தொலைபேசியில் நான்கு கேள்விகள்

எல்லாவற்றையும்விட உறுதியான வழி இதுதான், இரண்டு நிமிட வேலை. மதியக் கூட்டமும் மாலைக் கூட்டமும் இல்லாத 3 மணி வாக்கில் கூப்பிடுங்கள். பிள்ளைகளின் வயதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்:

1. குழந்தைகள் எத்தனை மணி வரை இருக்கலாம்? அது உள்ளே வரும் நேரமா, வெளியேறும் நேரமா?
2. தோட்டம், சாப்பாட்டுப் பகுதி, கவுண்டர் இருக்கும் கூடம், இவற்றில் எங்கே உட்காரலாம்?
3. சாப்பாடு கட்டாயமா? சமையலறை எத்தனை மணிக்கு மூடும்?
4. அன்றைக்கு மேட்ச், க்விஸ், பாட்டுக் கச்சேரி, தனியார் விருந்து ஏதாவது இருக்கிறதா?

முதல் கேள்வியின் இரண்டாம் பாதியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான பப்களில் வரம்பு 7, 8 அல்லது 9 மணி. “எட்டு வரை” என்று கேட்டுக்கொண்டு 7.15-க்குப் போனால் சாப்பாடு வரும்போதே கிளம்பும் நேரமாகிவிடும். குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது முன்னால் போய் உட்காருங்கள்.

நான்காவது கேள்வி கால்பந்துக்காக. பிரீமியர் லீக்கில் சனி மதியம் 3 மணி ஆட்டங்கள் பிரிட்டனில் நேரலையாக வருவதில்லை. தொலைக்காட்சியில் வருபவை வழக்கமாகச் சனி 12.30, 5.30, ஞாயிறு 2.00, 4.30. பெரிய திரை உள்ள பப்பில் அந்த நேரத்தில் கூச்சலும் கெட்ட வார்த்தையும் சர்வ சாதாரணம். மைதானத்துக்குப் பக்கத்து பப்களை ஆட்ட நாளில் தவிர்த்துவிடுங்கள். சில இடங்களில் அந்த மைதானத்தின் சொந்த அணி ரசிகர்களை மட்டும்தான் விடுவார்கள்.

படி 5: போகும்போது

ஞாயிறு 12 மணியிலிருந்து 12.30-க்குள் போய்ச் சேர்வது உத்தமம். சுட்ட இறைச்சியும் காய்கறியுமாக வரும், ரோஸ்ட் எனப்படும் ஞாயிற்றுக்கிழமை விருந்து அப்போதுதான் தொடங்கும். மூன்று மணிக்கு மேல் போனால் “லாம்ப் தீர்ந்துவிட்டது, சிக்கன் மட்டும்தான்” என்ற பதில் வரலாம். பெரியவர்களுக்கான ஒரு தட்டு பெரும்பாலும் 18 முதல் 25 பவுண்டு வரும். குழந்தைக்குப் பாதித் தட்டு கேட்டால் பல இடங்களில் தருவார்கள்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் பிள்ளை சொந்தக் காலில் நடந்துவிடும், தள்ளுவண்டிதான் பிரச்சினை. விக்டோரியா காலத்துக் கட்டடங்களில் வாசலில் படி, கழிப்பறை பெரும்பாலும் பாதாளத்தில், செங்குத்தான படிக்கட்டு. டயப்பர் மாற்றும் பலகை இருந்தாலும் சில இடங்களில் பெண்கள் கழிப்பறையில் மட்டும்தான் இருக்கும். மடக்கும் வண்டியும், விரித்துக்கொள்ள ஒரு துணியும் எடுத்துப் போங்கள்.

பிள்ளையை அடக்க போன்தான் உங்கள் ஆயுதம் என்றால் சாமுவேல் ஸ்மித் பீர் ஆலை நடத்தும் பப்களைத் தவிர்க்கவும். அங்கே பாட்டும் டிவியும் கிடையாது. போன், லேப்டாப்புக்கும் தடை போட்டிருக்கிறார்கள். படம் வரையும் புத்தகம் இருந்தால் அதே அமைதி வரமாகிவிடும்.

பல பப்களில் மேசைக்கு ஆள் வரமாட்டார்கள். மேசை எண்ணைப் பார்த்துக்கொண்டு ஒருவர் கவுண்டருக்குப் போய்ச் சொல்லி, அங்கேயே பணமும் கட்டிவிட வேண்டும். இன்னொரு பெரியவர் பிள்ளைகளோடு இருக்கட்டும். பிள்ளையைக் கவுண்டருக்கு அனுப்பவோ அங்குள்ள உயர ஸ்டூலில் உட்காரவைக்கவோ கூடாது. மூலையில் விளக்கு மினுக்கும் சூதாட்ட இயந்திரத்தின் பக்கமும் விடாதீர்கள். பப்பில் உள்ளவை 18 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும். குழந்தையின் சாப்பாட்டை முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். தட்டு வந்துவிட்டால் பிள்ளை எங்கும் ஓடாது.

உங்களுக்கே முப்பது வயதுக்குள் என்றால் பாஸ்போர்ட்டோ ஓட்டுநர் உரிமமோ கையில் இருக்கட்டும். 25-க்குக் குறைந்தவர்போலத் தெரிந்தாலே அடையாளம் கேட்பது பல பப்களில் வழக்கம். மடியில் குழந்தை இருப்பது வயதுச் சான்று ஆகாது.

குடிக்க, சாப்பிட: நம்மவர்கள் சறுக்கும் இடங்கள்

சைடர் என்பதை ஆப்பிள் ஜூஸ் என்று நினைத்துக் குழந்தைக்கு வாங்கிவிடாதீர்கள். பிரிட்டனில் அது பீர் அளவுக்குப் போதை ஏறும் பானம். ஷாண்டியில் பீர் கலந்திருக்கும். ஜிஞ்சர் பீர் பெரும்பாலும் வெறும் குளிர்பானம்தான். மது கலந்த பிராண்டுகளும் உண்டு என்பதால் கேட்டுக்கொள்ளுங்கள். லெமனேட் கேட்டால் நம்மூர் எலுமிச்சைச் சாறு வராது, நுரைக்கும் சோடா வரும். குழாய்த் தண்ணீரைக் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும் என்பது உரிம நிபந்தனை. கூச்சப்படாமல் ஒரு ஜாடி கேளுங்கள்.

மீன் பொரிக்கும் மாவில் பீர், ‘பை’ (pie) எனப்படும் மாவு மூடிச் சுட்ட இறைச்சிப் பண்டத்தில் ஏல் என்ற பீர் வகை, குழம்பில் ஒயின் சேர்ப்பது சாதாரணம். சாசேஜ் என்றால் சொல்லாமலே பன்றி. சிப்ஸ் என்று இங்கே சொல்லும் உருளைக்கிழங்குத் துண்டு வறுவலைச் சில கடைகளில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். சைவம் என்றால் கொட்டைப் பருப்புகளில் செய்யும் நட் ரோஸ்ட் கேட்கலாம், அதற்கு ஊற்றும் கிரேவி சைவமா என்று தனியாகக் கேளுங்கள். யார்க்‌ஷர் புட்டிங் இனிப்பு அல்ல. முட்டை, பால், மாவில் செய்த உப்பல் ரொட்டி. ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் தயங்காமல் கேளுங்கள்: வேர்க்கடலை, எள், பால், முட்டை உட்பட 14 பொருள்களைப் பற்றிய விவரத்தைக் கடை தந்தே ஆக வேண்டும்.

லவுஞ்ச், மாடி பார், பீர் ஆலை

மொட்டைமாடி பார்கள் பெரும்பாலும் மாலைக்குப் பிறகு 18-க்கு மேல் மட்டும். உயரத்திலிருந்து ஊரைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், 20 ஃபென்சர்ச் தெருவின் ‘ஸ்கை கார்டன்’ போதும். பாரும் இருக்கிறது, குழந்தைகளும் வரலாம். நுழைவு இலவசம், சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். குழந்தைக்கும் சேர்த்து எடுங்கள். ஓட்டல் லவுஞ்சுகளில் மதியத் தேநீர் வேளை பிள்ளைகளுக்குத் தடையில்லாத நேரம், விலைதான் தடை.

பெர்மன்ட்சியில் ரயில் பாலத்து வளைவுகளுக்குள் வரிசையாக இருக்கும் பீர் ஆலைகளின் கூடங்களில் சனி மதியம் தள்ளுவண்டிகளைப் பார்க்கலாம். நேரமாக ஆகக் கூட்டம் சேர்ந்து குடி முற்றிவிடும். நான்கு மணிக்குள் கிளம்பிவிடுவது நல்லது. அங்கே சாப்பாடு எப்போதும் கிடைக்காது.

எங்கும் விடவில்லை, மழையும் பெய்கிறது என்றால் தேம்ஸ் தென்கரையின் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் முன்கூடத்துக்குப் போங்கள். டிக்கெட் வேண்டாம். பார் இருக்கிறது, பிள்ளைகள் நடமாட இடம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது.

ஸ்காட்லாந்து போனால்

எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் சட்டம் வேறு. குழந்தைகளை விடுவதா, எந்த வயதில், எத்தனை மணி வரை, கடையின் எந்தப் பகுதியில் என்பதையெல்லாம் ஒவ்வொரு பப்பும் தன் உரிம விண்ணப்பத் திட்டத்திலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அங்கே பணியாளர் “ஐந்து வயதுக்கு மேல், எட்டு மணி வரை, பின்கூடத்தில் மட்டும்” என்று அளந்து சொன்னால் அது அந்தத் தாளில் உள்ளது. அதற்கு மேல் கேட்டுப் பார்க்க வேண்டாம், பக்கத்துக் கடைக்குப் போங்கள்.