கோர் கூடியும் வேகம் கூடாவிட்டால்

லினக்ஸில் ஒரு பாய்மக் கணிப்பு நிரல். 8 திரெட்டில் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் கிளைகள்) ஓட்டினால் 14 நிமிடம். இரண்டு சாக்கெட் (செயலிச் சில்லு பொருந்தும் இடம்), மொத்தம் 32 கோர் (செயலிக்குள் தனித்தனியாகக் கணிக்கும் அலகு) கொண்ட அதே இயந்திரத்தில் 32 திரெட் கொடுத்தால் 19 நிமிடம்! இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில் வழி காட்டியது டைம் கட்டளைதான். அதிலிருந்து இன்றுவரை இந்த வரிசையில்தான் பார்க்கிறேன்.

நிரலின் பெயருக்கு முன்னால் டைம் போட்டு ஓட்டினால் மூன்று எண்கள் வரும். ரியல் என்பது கடிகார நேரம். யூசர் என்பது எல்லாக் கோர்களும் சேர்ந்து நிரலுக்கு உழைத்த நேரம். சிஸ் என்பது கெர்னலில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், போன நேரம். யூசரையும் சிஸ்ஸையும் கூட்டி ரியலால் வகுத்தால், சராசரியாக எத்தனை கோர் வேலை செய்தது என்று கிடைக்கும். 1, 2, 4, 8 என்று திரெட்டை ஏற்றி ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். ஹைப்பர்திரெடிங் (ஒரே கோரில் இரண்டு திரெட்டை ஓட்டும் வசதி) இருந்தால் ஒரு கோர் இரண்டாகத் தெரியும். எல்எஸ்சிபியு கட்டளையில் உண்மையான கோர் எத்தனை என்று பார்த்து, முதலில் அதுவரை மட்டும் ஏற்றுங்கள்.

வகுத்து வந்த எண் திரெட் எண்ணிக்கையைவிட மிகக் குறைவா? கோர்கள் சும்மா நிற்கின்றன. அந்தக் கோர்கள் நிரலுக்குக் கிடைக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கிடைக்கும் கோர் எண்ணிக்கையைச் சொல்லும் என்ப்ராக் கட்டளை எதிர்பார்த்ததைவிடச் சிறிய எண் காட்டினால், யாரோ டாஸ்க்செட் கட்டளையால் நிரலைச் சில கோர்களோடு கட்டிப்போட்டிருக்கலாம். கன்டெய்னருக்குள் (நிரலைத் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழல்) என்றால் சிகுரூப்பின் (கெர்னல் வளங்களுக்கு வரம்பு வைக்கும் வசதி) சிபியு வரம்பையும் பாருங்கள். அந்த வரம்பு என்ப்ராக்கில் தெரியாமலும் போகும். தடை எதுவும் இல்லையென்றால் ஓடுபவற்றைக் காட்டும் டாப் கட்டளையைத் திறந்து பெரிய எச் அழுத்துங்கள். திரெட் திரெட்டாகக் காட்டும். ஒன்று மட்டும் 100 சதவீதத்தில் ஓடி மற்றவை தூங்கினால், ஒற்றையாக ஓடும் பகுதிதான் காரணம். வேலையில் 10 சதவீதம் அப்படி இருந்தாலே 16 கோரில் கிடைப்பது அதிகபட்சம் 6.4 மடங்கு என்பது கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதத்திலிருந்து வரும் கணக்கு. அந்தப் பகுதியைக் குறைக்காமல் கோர் வாங்காதீர்கள்.

சிஸ் பெரிதாக இருந்தால், விஎம்ஸ்டாட் கட்டளையில் சிஎஸ் (கோர் ஒரு திரெட்டை விட்டு இன்னொன்றுக்கு மாறும் எண்ணிக்கை) நெடுவரிசையைப் பாருங்கள். அது எகிறினால் திரெட்டுகள் லாக்குக்காக (ஒரு தரவை ஒரு நேரத்தில் ஒரு திரெட் மட்டும் தொடவிடும் பூட்டு) தூங்கி எழுந்து கொண்டிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம்.

அதிகம் ஏமாற்றுவது மூன்றாவது வகை. டாப்பில் எல்லாக் கோரும் 100 சதவீதம், பார்க்கவே நிறைவாக இருக்கும். ஆனால் வேலை அதேதான். யூசர் நேரம் மட்டும் திரெட் ஏற ஏற வீங்குகிறது. என் நிரல் 1 திரெட்டில் 105 நிமிட யூசர் நேரம் எடுத்தது, 32இல் 590 நிமிடம். கோர் உழைக்கவில்லை, காத்திருக்கிறது. மெமரிக்குக் காத்திருப்பதையும் கெர்னல் உழைப்பாகத்தான் கணக்கில் எழுதும்.

இதில் எளிதாகத் தீர்வது கூட்ட நெரிசல். நீங்கள் 32 பிராசஸ் (தனித்தனியாக ஓடும் நிரல்) தொடங்க, உள்ளே இருக்கும் ஓபன்பிளாஸ் என்னும் கணித நூலகம் ஒவ்வொன்றிலும் 32 திரெட் திறந்தால் மொத்தம் 1024. விஎம்ஸ்டாட்டின் ஆர் நெடுவரிசை (ஓடுபவையும் ஓடக் காத்திருப்பவையும்) கோர் எண்ணிக்கையைத் தாண்டி நிற்கும். நூலகத்தின் திரெட் எண்ணிக்கையை 1 ஆக்கினால் போதும்.

அடுத்தது கேஷ் வரிச் சண்டை. கேஷ் என்பது கோருக்கு அருகிலிருக்கும் சிறிய, வேகமான மெமரி; அது தரவை வரி வரியாகத்தான் எடுக்கும். திரெட்டுக்கு ஒரு 8 பைட் கவுன்ட்டர் என்று வரிசையாக வைத்தால், 64 பைட் கேஷ் வரி ஒன்றில் எட்டு உட்கார்ந்துவிடும். ஒரு திரெட் எழுதும்போதெல்லாம் மற்ற கோர்களின் கேஷில் உள்ள பிரதி செல்லாமல் போகும். வேகத்தை அலசும் பெர்ஃப் கருவியின் சி2சி வசதி இதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். உள்ளூர் மாறியில் எண்ணிவிட்டுக் கடைசியில் ஒருமுறை கூட்டுவதே என் விருப்பம்.

என்னுடையது இரண்டும் இல்லை. மெமரி எங்கே இருக்கிறது என்று காட்டும் நியூமாஸ்டாட்டுக்கு பிராசஸ் எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன்: மெமரி கிட்டத்தட்ட முழுவதும் நோட் 0இல். இங்கே நோட் என்பது ஒரு சாக்கெட்டும் அதோடு ஒட்டிய மெமரியும். மெமரி கேட்டவுடன் லினக்ஸ் முகவரியை மட்டும் தருகிறது; முதலில் எழுதும் திரெட் எந்த நோடில் ஓடுகிறதோ, சாதாரணமாக அங்கேதான் பக்கம் (மெமரியின் ஒரு துண்டு) ஒதுக்கப்படும். நானோ பெரிய அணிகளையெல்லாம் (அரே) முதன்மைத் திரெட்டிலேயே பூஜ்யமாக்கியிருந்தேன். அப்புறம் 32 திரெட்டும் ஒரே சாக்கெட்டின் மெமரியை மொய்த்தன, பாதி திரெட் மறு சாக்கெட்டிலிருந்து.

சோதிக்க, நியூமாசிடிஎல் கட்டளையில் இன்டர்லீவ் (பக்கங்களை நோடுகளுக்கு மாறி மாறிப் பகிர்வது) கொடுத்து ஓட்டினேன்: 9 நிமிடம். சரி, நோய் இதுதான். பிறகு பூஜ்யமாக்கும் லூப்பையும் கணக்கிடும் லூப்பைப் போலவே திரெட்டுகளுக்குப் பிரித்து, திரெட்டுகள் இடம் மாறாதபடி கோரில் கட்டினேன். 6 நிமிடம், யூசர் 185.